படத்தில் இல்லாத மகள்

எம் பாட்டனார் ஒரு சிற்றூரில் உபதேசியாராகப் பணியாற்றியவர். அவருடைய வீட்டு முன்கூடத்தில் திரு இருதயப் படமும், அதன் வலப்புறம் வேளாங்கண்ணி அன்னையின் படமும் மாட்டியிருந்தன. அவ்விரண்டிற்கும் சற்றுக் கீழே, ஏதோ ஓர் ஆங்கில இதழிலிருந்து வெட்டியெடுத்துக் கண்ணாடிச் சட்டமிட்ட ஒரு குடும்பப் படமும் இருந்தது. அமெரிக்க நாட்டின் குடியரசுத் தலைவராக ஜான் கென்னடி தேர்ந்தெடுக்கப்பட்ட மறுநாள், அதாவது 1960 நவம்பர் 9 அன்று, அவர்களுடைய கடற்கரை இல்லத்தில் எடுத்த படம் அது. நாம் 1970இல் பிறந்தபோது அம்மனிதர் சுடப்பட்டு இறந்து ஏழாண்டுகள் ஆகிவிட்டன. எனினும், இரவுச் செபமாலை முடிந்தபின் மரித்தோருக்காகச் சொல்லும் செபங்களில் 'கென்னடி ஐயா ஆன்ம இளைப்பாற்றிக்காக' என ஒரு கர்த்தர் கற்பித்த செபம் எம் வீட்டில் தவறாமல் உண்டு.

இதனை இன்றைய இளைஞர் கேட்டால் நகைப்பர். ஆனால் அக்காலத்துக் கத்தோலிக்க ஊர்களை அறிந்த பெரியோர் நகையார். ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புரட்டிப் பாருங்கள். சவேரியார், அந்தோணி, சூசை என்னும் பெயர்களுக்கிடையே 'கென்னடி' என்னும் பெயர் திடீரெனத் தலைகாட்டும். எம் மாமன் மகனுக்கும் அப்பெயரே. உலகின் வலிமைமிக்க நாட்டில் நம்முடைய செபமாலையைச் சொல்லுகிற ஒருவர் ஆட்சிப் பீடம் ஏறினார் என்பது, சிறுபான்மையாய் வாழ்ந்த எளிய மக்களுக்குத் தலைநிமிர்வைத் தந்திருக்க வேண்டும்.

பாட்டனார் எமக்குக் கணக்குக் கற்பித்ததும் அந்தப் படத்தைக் கொண்டுதான். "கென்னடி வீட்டில் பிள்ளைகள் எத்தனை?" என்பார். "ஒன்பது" என்போம். "மூத்த மகன் போரில் போனான். ஒரு மகள் விமானத்தில் போனாள். மீதி?" "ஏழு." "படத்தில் எண்ணு." மருமக்களை விலக்கிப் பிள்ளைகளை மட்டும் அவர் விரலால் காட்ட, நாம் எண்ணுவோம். ஆறுதான் வரும். ஏழாவது பிள்ளை எங்கே என்று ஒருநாள் கேட்டோம். பாட்டனார் சிறிது யோசித்துவிட்டு, "அந்தப் பிள்ளை கன்னியர் மடத்தில் இருக்கும். துறவறம் போன பிள்ளை எப்படி வீட்டுப் படத்தில் வரும்?" என்றார். எமக்கு அவ்விடை நிறைவளித்தது. அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்ததென்று அப்போது அவருக்கும் தெரியாது, எமக்கும் தெரியாது.

அந்தக் குடும்பத்தின் கதையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். 1840களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து பெரும்பஞ்சம் வந்தபோது, பிழைக்க வழி தேடிப் பாஸ்டன் துறைமுகத்தில் இறங்கியவர்கள் கென்னடியின் முன்னோர். பழைய புரட்டஸ்தாந்துச் செல்வர்கள் ஆண்ட நகரம் அது. ஐரிஷ் கத்தோலிக்கர் அங்கே சுமை தூக்கினர். பிறர் வீடுகளில் ஏவல் செய்தனர். மூன்றாம் தலைமுறையில் ஜோசப் கென்னடி பெருஞ்செல்வரானார். பாஸ்டன் மேயராயிருந்த ஜான் ஃபிட்ஸ்ஜெரால்டின் மகள் ரோஸ் அம்மையாரை 1914இல் மணந்தார். 1938இல் இங்கிலாந்துக்கான அமெரிக்கத் தூதராகவும் அனுப்பப்பட்டார். பணம் வந்தது, பதவியும் வந்தது. ஆயினும் பழைய குடும்பங்களின் வாயில்கள் தமக்கு முழுமையாய்த் திறக்கவில்லை என்னும் வடு அவர் நெஞ்சில் ஆறவில்லை. தாம் அடையாததைத் தம் மக்கள் அடைய வேண்டும் என்று உறுதி பூண்டார். படகுப் போட்டியாயினும் பள்ளித் தேர்வாயினும் அந்த வீட்டில் முதலிடத்துக்கே மதிப்பு. உணவு மேசையில் உலக அரசியலைப் பற்றிப் பிள்ளைகள் வாதிட வேண்டும். ரோஸ் அம்மையாரோ நாள்தோறும் திருப்பலி காண்பவர். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை வைத்து, எடை, நோய், தடுப்பூசி, முதல் நற்கருணை எனத் தேதியோடு எழுதிப் பேணியவர்.

மூத்த மகன் ஜோசப்பைத்தான் தந்தை அரசியலுக்கென்று வளர்த்தார். 1944 ஆகஸ்டு 12 அன்று வெடிமருந்து நிரப்பிய விமானத்தில் அவர் சிதறி மாண்டார். அந்தப் பொறுப்பு அடுத்தவரான ஜானின் தோளில் விழுந்தது. நோயாளியான உடல், போரில் அடிபட்டு மேலும் நலிந்த முதுகு. எனினும் 1946இல், தம் 29ஆம் வயதில், பாஸ்டன் பகுதியின் 11ஆம் தொகுதியில் காங்கிரஸ் அவைக்குப் போட்டியிட்டார்.

அந்தத் தேர்தலில்தான் குடும்பம் முழுவதும் வாக்குக் கேட்கப் புறப்பட்டது. தொழிலாளர் குடியிருந்த மூன்றடுக்கு மரவீடுகளின் படிகளில் வேட்பாளர் வலியோடு ஏறி இறங்கினார். போரில் மகனைப் பறிகொடுத்த அன்னையர் கூட்டமொன்றில், தம் தாயும் அவர்களைப் போல ஒரு மகனை இழந்தவரே என்று அவர் சொன்னபோது, அந்த அன்னையர் கண்கலங்கி அவரைச் சூழ்ந்துகொண்டனர் என்பர். சகோதரியர் கதவு கதவாய்த் தட்டினர். கேம்பிரிட்ஜ் நகர விடுதியொன்றில் குடும்பத்தார் அளித்த தேநீர் விருந்துக்கு ஏறத்தாழ 1,500 பெண்கள் தம்மிடமிருந்த நல்லுடை அணிந்து வந்தனர். தூதராயிருந்த தந்தையும் தாயும் வாயிலில் நின்று ஒவ்வொருவர் கையையும் பற்றி வரவேற்றனர். பிறர் வீட்டில் ஏவல் செய்தோரின் பேத்தியர்க்கு, அழைப்பிதழ் அனுப்பித் தேநீர் கொடுக்க ஒரு வீடு முன்வந்தது அவ்வளவு பெரிய செய்தி.

1952இல் மேலவைத் தேர்தல். எதிரே நின்றவர் ஹென்றி கேபட் லாட்ஜ். ரோஸ் அம்மையாரின் தந்தையை 1916இல் தோற்கடித்தவரின் பேரன். இம்முறை 33 தேநீர் விருந்துகள். 26 வயதான இளவல் ராபர்ட் பரப்புரையை நடத்தினார். அன்னை ரோஸ் தொழிலாளர் பகுதிக்குச் சென்றால் எளிய உடையில் பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேசுவார். செல்வர் பகுதிக்குச் செல்லும் வழியில் காரிலேயே நகைகளை அணிந்துகொள்வார். அவ்வாண்டு அம்மாநிலத்தில் குடியரசுத் தலைவர் தேர்தலில் ஐசனோவரின் குடியரசுக் கட்சி வென்றும், அதே கட்சியின் லாட்ஜ் ஏறத்தாழ 70 ஆயிரம் வாக்குகளில் கென்னடியிடம் தோற்றார்.

பின்னர் 1960. குடியரசுத் தலைவர் வேட்பாளராகும் பொருட்டு மாநிலம் மாநிலமாகக் கட்சிக்குள் முதனிலைத் தேர்தல். ஏப்ரல் 5 அன்று விஸ்கான்சின். மே 10 அன்று மேற்கு வர்ஜீனியா. எதிர்த்து நின்ற ஹியூபர்ட் ஹம்ஃப்ரி வாடகைப் பேருந்தில் குளிரில் நடுங்கிப் பயணம் செய்ய, கென்னடிக்குக் குடும்பத்தின் சொந்த விமானம் இருந்தது. ஊருக்கு ஓர் உடன்பிறப்பு எனச் சகோதரரும் சகோதரியரும் மைத்துனரும் பரவி நின்றதைக் கண்ட ஹம்ஃப்ரி, பெரிய தொடர் கடையோடு போட்டியிடும் சிறு கடைக்காரனைப் போல் தாம் உணர்வதாக நொந்துகொண்டார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. கென்னடி வீட்டுப் பணம் அத்தேர்தலில் ஆறாய் ஓடிற்று என்னும் குற்றச்சாட்டும் இன்றளவும் மறையவில்லை. அந்தக் குடும்பத்தைப் புனிதர் குடும்பமாக்கும் எண்ணம் எமக்கில்லை.

மேற்கு வர்ஜீனியாவில் கத்தோலிக்கர் நூற்றுக்கு ஐவர்கூட இல்லை. 1928இல் ஆல் ஸ்மித் என்னும் கத்தோலிக்கர் தலைவர் தேர்தலில் படுதோல்வியடைந்த நினைவு எல்லார்க்கும் இருந்தது. திருத்தந்தையின் சொற்படி நாடாளப்படும் என்னும் அச்சம் அங்கே உண்மையாகவே நிலவிற்று. அங்கு வென்ற கென்னடி, செப்டம்பர் 12 அன்று ஹூஸ்டன் நகரில் புரட்டஸ்தாந்து போதகர் அவையில் நின்று, தாம் கத்தோலிக்கரின் வேட்பாளர் அல்லர் என்றும், தம் கட்சியின் வேட்பாளர் என்றும், மனச்சான்றுக்கும் பதவிக்கும் மோதல் நேருமாயின் பதவி துறப்பதாகவும் உரைத்தார். குருமடத்தில் இறையியல் பயின்ற நாள்களில், சமயச் சுதந்திரம் பற்றி இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட அறிக்கையோடு சேர்த்து இவ்வுரையையும் ஆராய்ந்தோம். விசுவாசத்தை வீட்டுக்குள் பூட்டிவிட்டாரா, அன்றி அதனை ஆதிக்கத்தினின்று விடுவித்தாரா என நெடுநேரம் வாதிட்டது நினைவிருக்கிறது. நவம்பர் 8 அன்று பதிவான 6 கோடியே 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் ஓர் இலட்சத்துச் சொச்சமே அதிகம் பெற்று வென்றார். மறுநாள் எடுத்த படமே எம் பாட்டனார் வீட்டுச் சுவரில் தொங்கியது.

இனி, படத்தில் இல்லாத ஏழாவது பிள்ளையிடம் வருவோம்.

அவர் பெயர் ரோஸ்மேரி. 1918 செப்டம்பர் 13 அன்று, தொற்றுக் காய்ச்சல் பாஸ்டனில் பரவியிருந்த வேளையில், மூத்த மகளாகப் பிறந்தார். பிள்ளைக்கு நடையும் பேச்சும் எழுத்தும் தாமதமாயின. மனவளர்ச்சி குன்றியவர் என அந்நாளில் அழைக்கப்பட்டோருள் அவரும் ஒருவர் என்பது பெற்றோர்க்குத் தெளிவாயிற்று. தொடக்கத்தில் அவரை மறைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1938இல் இங்கிலாந்து அரசவையில் மன்னர் முன்னிலையில் தாயோடும் தங்கையோடும் வெள்ளுடை அணிந்து வணங்கி நின்றார். அந்நாட்டில் அருட்சகோதரியர் நடத்திய மான்டிசோரிப் பள்ளியொன்றில் சிறு குழந்தைகளுக்குக் கதை படித்துக் காட்டி மகிழ்ந்திருந்தார். அவர் வாழ்வில் மிக நல்ல காலம் அதுவே என்பர்.

போர் மூண்டு 1940இல் அமெரிக்கா திரும்பியபின் நிலைமை மாறிற்று. கோபம் பொங்கும், கை நீளும். தங்கியிருந்த மடத்தினின்று இரவில் வெளியேறித் தெருவில் நடப்பார். வயது வந்த அழகிய பெண். தீங்கு நேருமோ என்னும் அச்சம் தந்தைக்கு. இழுக்கு நேர்ந்தால் புதல்வரின் எதிர்காலம் என்னாவது என்னும் அச்சமும் உடன் இருந்தது. மூளையில் செய்யும் ஒரு புதிய அறுவை இத்தகையோரை அமைதிப்படுத்தும் என மருத்துவர் உறுதி கூறினர். 1941 நவம்பரில், மனைவிக்கும் முன்கூட்டிச் சொல்லாமல், ஜோசப் கென்னடி இசைந்தார். 23 வயது ரோஸ்மேரி, அறுவைக்குப் பின் நடக்கவும் பேசவும் இயலாதவரானார். நடை ஓரளவு மீண்டது. பேச்சு சில சொற்களோடு நின்றது. இந்த அறுவை முறையை உருவாக்கியவருக்கு 1949இல் நோபல் பரிசு வழங்கிற்று உலகம். ஆகவே தந்தை ஒருவரை மட்டும் கூண்டிலேற்றுதல் எளிது, நேர்மையாகாது.

அதே 1949இல் ரோஸ்மேரி விஸ்கான்சின் மாநிலத்து ஜெஃபர்சன் என்னும் ஊரில் பிரான்சிஸ்கன் அருட்சகோதரியர் நடத்திய புனித கொலெத்தா இல்லத்தில் சேர்க்கப்பட்டார். வீட்டில் அவர் பெயர் அரிதாகவே உச்சரிக்கப்பட்டது. ஊரார் கேட்டால், அவர் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் பணியில் இருக்கிறார் என்று விடை சொல்லப்பட்டது. எம் பாட்டனார் சொன்னது போலவே ஏழாவது பிள்ளை கன்னியரோடுதான் இருந்தார். ஆனால் அது துறவறம் அன்று.

1960ஆம் ஆண்டின் அந்தக் குளிர்காலத்தை நினைத்துப் பாருங்கள். விஸ்கான்சினில் பால் பண்ணை பால் பண்ணையாக, தொழிற்சாலை வாயில் வாயிலாக, உடன்பிறந்தோர் அத்தனை பேரும் 'எங்கள் அண்ணனுக்கு வாக்களியுங்கள்' என்று பனியில் நடந்தனர். அதே மாநிலத்தில், மில்வாக்கி நகருக்கும் மேடிசன் நகருக்கும் இடையே ஒரு சிற்றூரில், அவர்களுடைய அக்காள் இருந்தார். குடும்பமே திரண்டு வந்திருக்கிறது என்று மக்கள் வியந்தார்களே, அந்தக் குடும்பத்தில் ஒருவர் அங்கேயே இருந்ததை அவர்களுள் எத்தனை பேர் அறிவர்?

இச்செய்தியை நாம் குருமட நூலகத்தில் ஒரு வாழ்க்கை வரலாற்று நூலில் படித்தோம். நெஞ்சு கொதித்தது. பாட்டனார் வீட்டுச் சுவரும், ஒன்பதில் இரண்டு போக ஏழு என்ற கணக்கும் கண்முன் வந்தன. அன்றிரவே எம் குருமடத்துக் கையெழுத்து இதழுக்கு ஒரு கட்டுரை வரைந்தோம். வெற்றிக்கு மகளைப் பலியிட்டவர் என்று அந்தத் தந்தையைச் சாடினோம். இயேசு விருந்துக்கு அழைக்கச் சொன்னோர் பட்டியலில் நிற்பவர்களைத் தம் விருந்தினின்று நீக்கிய வீடு என்று தீட்டினோம். தோழர்கள் பாராட்டினர். பேராசிரியர் ஒருவர் மட்டும் கட்டுரையைத் திருப்பித் தருகையில், "எழுதியது சரி, தம்பி. உன் வீட்டில் எத்தனை பேர்?" என்று வினவினார். நாம் விடை சொல்லவில்லை. எம்மை அறிந்தவர் அவர்.

எமக்கு மூத்தவள் ஓர் அக்காள் உண்டு. 1968இல் பிறந்தவள். பேறுகாலத்தில் ஏதோ கோளாறு என்று அம்மா சொல்வார். ஐந்து வயதில்தான் நடந்தாள். பேச்சு மழலையாகவே நின்றுவிட்டது. ஆனால் மனிதர் முகத்தை அவள் மறப்பதே இல்லை. விடுமுறைக்கு நாம் ஊர் சென்றால் தெருமுனையிலேயே எம் பெட்டியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, "தம்பி வந்துட்டான்" என்று வீடு வீடாய் அறிவித்துக்கொண்டே முன்னால் நடப்பாள்.

1998 மே மாதத்தில் நாம் குருவாக அருள்பொழிவு பெற்றோம். மறுநாள் சொந்த ஊரில் முதல் நன்றித் திருப்பலி. ஊர் எல்லையில் தோரணம், பந்தல், மேளம், மாலைகள். வந்தவர்களுள் எம் தங்கைக்குச் சம்பந்தம் பேசியிருந்த வீட்டாரும் இருந்தனர். அதற்கு முந்தின இரவு அம்மா எம் அறைக்கு வந்தார். அதுவரை 'தம்பி' என்றே அழைத்த அம்மா, அன்று முதன்முறையாக 'சாமி' என்று அழைத்தார்.

"சாமி, அக்காளைச் சின்னம்மா வீட்டுக்கு அனுப்பிவிடலாமா? கூட்டத்தைக் கண்டால் மிரளுவாள். ரெண்டு நாள்தானே."

கூட்டத்தைக் கண்டு அக்காள் மிரண்டதில்லை. திருவிழாச் சப்பரத்தின் முன்னால் கைதட்டிக்கொண்டு போகிறவள் அவள். அம்மாவுக்கும் அது தெரியும். தங்கையின் வாழ்வு கெட்டுவிடுமோ என்னும் பயம் அம்மாவின் கண்ணில் தெரிந்தது. நாம் குருவாகி ஒரு நாளும் முழுதாய் நிறைவுறவில்லை. 'வேண்டாம்' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அம்மா மீறியிருக்க மாட்டார். ஏனெனில் அது சாமியின் சொல். நாம் சொன்னது, "உங்கள் விருப்பம், அம்மா."

மறுநாள் ஊரார் வரிசையாய் வந்து எம் கைகளை முத்தி செய்தனர். "மூத்த பிள்ளை எங்கே?" என்று சம்பந்தி வீட்டுப் பெரியவர் கேட்டபோது, "கன்னியர் விடுதியில் இருக்கிறாள்" என்று உறவினர் ஒருவர் சொன்னது எம் காதில் விழுந்தது. எண்ணெய் பூசப்பெற்ற கைகளோடு நாம் பேசாமல் நின்றோம். பின்னர்க் குடும்பப் படம் எடுத்தனர். அப்பா, அம்மா, அண்ணன், நாம், தங்கை. எல்லாரும் சிரித்தோம்.

இரண்டு நாள் கழித்து அக்காள் வந்தாள். பந்தல்காரர் மூங்கில்களைக் கட்டவிழ்த்துக்கொண்டிருந்தனர். துணிப்பையை மார்போடு அணைத்தபடி நெடுநேரம் அவர்களையே பார்த்து நின்றாள். பிறகு எம்மிடம் வந்து, வாடிக் கிடந்த மாலையொன்றை எடுத்து எம் கழுத்தில் போட்டாள்.

அன்பு வாசகரே, அன்றுதான் ஜோசப் கென்னடியைப் பற்றி நாம் எழுதிய கட்டுரையின் விலை எமக்குப் புரிந்தது. கடலுக்கப்பால் உள்ள தந்தையைச் சாடுதல் எளிது. அவருக்காவது அதிபர் பதவி என்னும் மாபெரும் ஆசை இருந்தது. நாம் எதற்காக மறைத்தோம்? ஒரு நாள் விழாவிற்காக, ஒரு வீட்டாரின் நல்லெண்ணத்திற்காக. கூர்ந்து நோக்கினால், கேவலம் ஒரு படத்திற்காக.

பிறவியிலே பார்வையற்றவனைக் கண்டு, பாவம் செய்தவர் இவனா இவன் பெற்றோரா என்று சீடர் ஆண்டவரிடம் கேட்டனர். யாருமல்லர் என்று அவர் மறுத்தும், அக்கேள்வி நம் ஊர்த் தெருக்களில் இன்னும் ஓயவில்லை. அந்தக் கேள்விக்கு அஞ்சியே அம்மா மறைத்தார். பாஸ்டன் செல்வரும் அதற்கே அஞ்சினார். 1961 டிசம்பரில் ஜோசப் கென்னடியை வாதநோய் வீழ்த்தி, பேச்சைப் பறித்தது. 1969 நவம்பரில் இறக்கும்வரை அவ்வாறே வாழ்ந்தார். இதனை மகளுக்குச் செய்ததன் தண்டனை என்று சிலர் கூறுவர். அவ்வாறு சொல்ல நாம் துணியோம். சீடர் கேட்ட தவறான கேள்வியையே வேறு வடிவில் கேட்பதாகும் அது.

கென்னடி வீட்டில் அந்த மௌனத்தை உடைத்தவர் தங்கை யூனிஸ். அண்ணன் குடியரசுத் தலைவரானதும், மனவளர்ச்சி குன்றியோர் நலனுக்கென ஆய்வுக்குழு அமைக்க 1961இல் அவரைத் தூண்டினார். 1962 ஜூனில் மேரிலாந்திலுள்ள தம் வீட்டுத் தோட்டத்தையே அத்தகைய சிறார்க்கு விளையாட்டு முகாமாகத் திறந்துவிட்டார். பிறர் கருணை காட்ட வேண்டியவர் என எண்ணிய பிள்ளைகளைக் குளத்தில் நீந்தவும் குதிரையேறவும் வைத்தார். அவ்வாண்டு செப்டம்பரில் பெரியதோர் இதழில், தம் அக்காள் ரோஸ்மேரியின் குறைபாட்டை வெளிப்படையாய் எழுதினார். ஆட்சியிலிருப்பவரின் உடன்பிறந்தாள் இவ்வாறு எழுதவே, எத்தனையோ வீடுகளின் உள்ளறைக் கதவுகள் திறந்தன. 1963 அக்டோபரில் இத்தகையோர்க்கான இரு சட்டங்களில் கென்னடி ஒப்பமிட்டார். அடுத்த மாதம் 22ஆம் நாள் டல்லஸ் நகரில் சுடப்பட்டார். 1968 ஜூனில், தலைவர் தேர்தலுக்கான பரப்புரையின் நடுவே ராபர்ட்டும் சுடப்பட்டு மாண்டார். சில வாரங்களே கழிந்த நிலையில், ஜூலை 20 அன்று சிகாகோ நகரில் சுமார் ஆயிரம் பேர் பங்கேற்ற முதல் சிறப்பு ஒலிம்பிக்கை யூனிஸ் தொடங்கிவைத்தார். எம் அக்காள் பிறந்த ஆண்டு அது.

ரோஸ்மேரி பின்னாள்களில் உடன்பிறந்தோர் வீடுகளுக்கு வந்துபோனார். அந்தக் கடற்கரை இல்லத்திலும் அவருக்கு மீண்டும் இடம் கிடைத்தது. அன்னை ரோஸ் 1995இல் தம் 104ஆம் வயதில் இறந்தார். ரோஸ்மேரி 2005 ஜனவரி 7 அன்று, 86ஆம் வயதில், உடன்பிறந்தோர் சூழ்ந்திருக்க விஸ்கான்சினில் இறைவனடி சேர்ந்தார். அவ்வீட்டில் ஒருவர் நாட்டின் தலைவரானார். மூவர் மேலவையில் அமர்ந்தனர். ஆயினும் இன்று உலகெங்கும் ஏராளமான வீடுகளில் ஒரு தாய் தன் பிள்ளையின் கையைப் பற்றி விளையாட்டுத் திடலுக்கு அழைத்துச் செல்கிறாளே, அதற்கு வித்தாயிருந்தவர் ஒரு மேடையிலும் ஏற்றப்படாத ரோஸ்மேரி. உடலில் வலுவற்றவையாய்த் தோன்றும் உறுப்புகளே மிகத் தேவையானவை எனப் பவுலடியார் கொரிந்தியர்க்கு எழுதியதன் பொருள், எமக்கு வகுப்பறையில் விளங்கியதைவிட இங்கே நன்கு விளங்குகிறது.

எம் அம்மா 2009இல் இறந்தார். சாவுப்படுக்கையில் எம்மிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய விரும்பினார். பெற்ற தாய்க்கு வேறு குருவே நல்லதென்று பக்கத்துப் பங்குத்தந்தையை வரவழைத்தோம். அவர் சென்றபின் அம்மா எம் கையைப் பிடித்துச் சொன்னது ஒன்றுதான்: "அவளைக் கூட்டத்தில் விட்டுப் பழக்கு, சாமி." தங்கையின் கணவர் நல்ல மனிதர். திருமணமான மறு மாதமே எல்லாம் அறிந்து, "இதையா மறைத்தீர்கள்?" என்று வருந்தியவர் அவர். இன்று அக்காள் அவ்வீட்டில்தான் இருக்கிறாள். பகலில் அருட்சகோதரியர் நடத்தும் பயிற்சி மையத்துக்குச் சென்று செபமாலை கோக்கிறாள். சில மாலைகளில் பத்து மணிக்குப் பதில் பதினொன்று இருக்கும். அவற்றுள் ஒன்று எம்மிடம் உண்டு.

2023இல் எம் குருத்துவ வெள்ளிவிழா நடந்தது. இம்முறை அக்காள் முதல் வரிசையில் அமர்ந்தாள். நடுப்பூசையின் பேரமைதியில் கைதட்டினாள். சிலர் திரும்பிப் பார்த்தனர். பார்த்துவிட்டுப் போகட்டும். படமும் எடுத்தோம். அதில் அவள் எங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இத்தோடு கணக்குத் தீர்ந்தது என்று எண்ணியிருந்தோம். விழா முடிந்த இரவு, தங்கை பழைய படத்தொகுப்பை எடுத்து விரித்தாள். அக்காள் அருகில் வந்தமர்ந்து 1998ஆம் ஆண்டுப் படத்தின் மேல் விரலை வைத்தாள். "அப்பா. அம்மா. அண்ணன். தம்பிச் சாமி. பாப்பா" என்று ஒவ்வொருவராய்ச் சொன்னாள். விரல் படத்தின் ஓரம்வரை சென்றது. மீண்டும் முதலிலிருந்து வந்தது. பிறகு எம் முகத்தைப் பார்த்து, "நான்?" என்றாள்.

இருபத்தைந்து ஆண்டுகள் மறையுரை ஆற்றிய எமக்கு விடை வரவில்லை. "மன்னித்துவிடு, அக்கா" என்றோம். அது அவளுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. எம் தலையைத் தடவிவிட்டு உறங்கப் போனாள்.

அன்றுமுதல் பங்கு மக்களின் இல்லங்களைச் சந்திக்கும்போது ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டிருக்கிறோம். குடும்ப அட்டையில் பெயர்களை எழுதி முடித்தபின் எழுந்து போய்விடுவதில்லை. பேனாவை மூடாமல், "வீட்டில் இன்னும் யாரேனும் உண்டா?" என்று இரண்டாம் முறை கேட்கிறோம். பல வீடுகளில் "இல்லை, சாமி" என்பர். சில வீடுகளில் ஒரு தாய் தலைகுனிவாள். பின் உள்ளறைக் கதவு திறக்கும். இதுவரை நம் பங்கில் நான்கு பெயர்கள் அவ்வாறு அட்டையில் ஏறியுள்ளன. ஒருவனுக்குச் சென்ற ஆண்டு, தன் 19ஆம் வயதில், முதல் நற்கருணை அளித்தோம்.

இதழை மூடிவைக்குமுன், அன்பரே, உம் வீட்டுச் சுவரில் தொங்கும் படத்தையும் ஒருமுறை எண்ணிப் பாரும். கணக்குக் குறைந்தால், படத்தை மாற்ற இன்னும் காலம் உண்டு.